ஸ்நோவுக்காகச் செத்த மாமா

"வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோவன்" என்றாள் தவமலர்.

"அது டிசம்பரில முடிஞ்சுது."

"முதுகு?"

"முதுகைப் போன மாதம் உம்மட சித்தப்பான்ர மகளின்ர கலியாணத்துக்குக் குடுத்தாச்சு."

பத்மநாதன் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். 1991 பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை, லண்டன் மனோர் பார்க்கில் காலை ஏழு மணி. வேலைக்குப் போகாமல் இருக்க அவனுக்கு உடனடியாக ஒரு நோய் தேவைப்பட்டது. உடம்பில் மிச்சமிருந்த இடங்களில் சூப்பர்வைசர் நம்பும்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

காரணம் ஸ்நோ. முந்திய நாள் தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர் லண்டன் படத்தின் மேல் வெள்ளையாக நாலு புள்ளியை ஒட்டிவிட்டு, மத்தியானம் தொடக்கம் கொட்டும் என்று சொல்லிவிட்டார்.

லண்டனுக்கு வந்து ஆறு வருடம். விழுந்து கிடக்கிற பனியை பத்மநாதன் வேண்டியமட்டும் பார்த்திருக்கிறான். அதில் வழுக்கி விழுந்தும் இருக்கிறான். விழுகிற பனியைத்தான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. அது விழுந்தபோதெல்லாம் ஒன்று இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கினான், இல்லாவிட்டால் ஒரு ஜன்னல்கூட இல்லாத குளிர்க் கிடங்கில் உறைந்த பட்டாணியைப் பெட்டியில் அடுக்கினான். குளிர் முழுவதும் அவனுக்கு, காட்சி முழுவதும் மற்றவர்களுக்கு.

இதில் ஒரு மானப் பிரச்சினையும் இருந்தது. கலியாணம் நிச்சயமான புதிதில், ஊரில் இருந்த தவமலருக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினான். அதில் ஒன்றரைப் பக்கம் ஸ்நோ. 'இரவிரவாகச் சடசடவென்று கூரையில் ஸ்நோ கொட்டும் சத்தத்தில், உம்மை நினைத்தபடி நித்திரையின்றிக் கிடந்தேன்' என்று உருகியிருந்தான்.

தவமலர் வந்து இறங்கிய முதல் மாதமே பனி கொட்டியது. அவள் ஜன்னலடியில் நின்று ஒரு துளி விடாமல் பார்த்தாள். மாலையில் பட்டாணி வாசத்தோடு வீடு திரும்பியவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஸ்நோவுக்குச் சத்தமே இல்லையேயப்பா. அப்ப நீங்கள் ஆரை நினைச்சு முழிச்சுக் கிடந்தனீங்கள்?"

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வீட்டில் எந்தச் சண்டை எதில் தொடங்கினாலும், கடைசியில் அலுமாரி திறந்து அந்தக் கடிதம் வெளியே வரும். ஒரு தரம், ஒரே ஒரு தரம், தவமலருக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சனியன் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பத்மநாதன் தீர்மானித்திருந்தான்.

இலக்கங்களை அழுத்தினான்.

"சேர், நான் பத்மநாதன். இண்டைக்கு வர ஏலாது. ஊரில மாமா மோசம் போயிட்டார்."

சூப்பர்வைசர் கிருஷ்ணமூர்த்தி கும்பகோணத்துக்காரர். "அடப்பாவமே. எவ்வளவு?"

"எவ்வளவு எண்டால்?"

"எவ்வளவு மோசம் போனார்? சீட்டுக் கம்பெனியா?"

யாழ்ப்பாணத்தில் மோசம் போனால் ஆளே போய்விட்டார் என்று அர்த்தம். கும்பகோணத்தில் மோசம் போனால் காசு மட்டும்தான் போகும். அந்த இடத்தில் பத்மநாதன் மாமாவைக் காப்பாற்றியிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவில்லை.

"காசில்லை சேர். ஆள் செத்துப்போனார்."

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பேர் என்ன? ஃபார்ம்ல எழுதணும்" என்று கேட்டார்.

எதிர்ச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது. முருகன் மயில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"மயில்வாகனம்."

"சரி. நீங்க வீட்லயே இருங்க."

தொலைபேசியை வைத்ததும் தவமலர் கேட்டாள். "ஆரப்பா மயில்வாகனம்?"

"என்ர மாமா."

"எப்ப செத்தவர்?"

"இப்பத்தான்."

பத்து மணிக்கெல்லாம் முன் அறையில் ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலி போட்டாயிற்று. கழுத்தில் கமரா. பக்கத்தில் பிளாஸ்க் நிறையத் தேநீர். தவமலர் கடலை வடை சுடத் தொடங்கினாள். வெளியே வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து வந்தது. பத்மநாதனுக்குக் கலியாணத்தன்றுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

பதினொன்றரைக்கு வந்தது கிடங்கின் வேன். அதிலிருந்து கிருஷ்ணமூர்த்தி இறங்கினார். பின்னால், அவனோடு பட்டாணி அடுக்குகிற யோகலிங்கமும் பாலேந்திராவும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"துக்கம் விசாரிக்க வந்திட்டினம்" என்றாள் தவமலர். "கமராவைக் கழட்டுங்கோ. சிரிக்காதேங்கோ."

"நான் எங்கை சிரிக்கிறன்?"

"அப்ப உங்கட முகமே அதுதான் போல. குனிஞ்சு கொண்டு இருங்கோ."

கிருஷ்ணமூர்த்தி உள்ளே வந்து பத்மநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், இப்படிப்பட்டவரிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று பத்மநாதனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"யோகலிங்கம் ரொம்ப அழுதார்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "பாலேந்திராவும் வந்தே ஆகணும்னார். அதான் நானே கூட்டிட்டு வந்தேன்."

யோகலிங்கம் மூக்கை உறிஞ்சினான். "என்ன வாசம்? வடையோ?"

"மாமாவுக்கு விருப்பம்" என்றாள் தவமலர் அவசரமாக.

"அது எட்டாம் நாள் எல்லோ படைக்கிறது."

"இது லண்டன். எட்டாம் நாளுக்கு ஆர் லீவு தாறது?"

கிருஷ்ணமூர்த்தி அறையைச் சுற்றிப் பார்த்தார். "படம் ஒண்ணும் வைக்கலையா? ஒரு விளக்காவது ஏத்தணும்."

இல்லாத மாமாவுக்குப் படம் எங்கே போவது? தவமலர் மேலே ஓடி, கலியாண ஆல்பத்தைப் புரட்டி, உறவுக்காரர் யாரும் அல்லாத ஒரே ஒரு முகத்தைக் கண்டுபிடித்தாள். அவர் நாதஸ்வரம் வாசித்தவர். நாதஸ்வரம் தெரியாமல் கழுத்தோடு கத்தரித்துக் கொண்டுவந்து வைத்தாள். ஊதுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்த நேரத்தில் எடுத்த படம். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"பாவம், கடைசி நேரத்தில வீங்கிட்டாராக்கும்" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

பாலேந்திரா படத்தை உற்றுப் பார்த்தான். "இவரை நான் கண்டிருக்கிறன். எங்கட அக்கான்ர கலியாணத்திலயும் நிண்டவர். ஓம், சின்னக்கான்ர கலியாணத்திலயும் நிண்டவர்."

பத்மநாதன் விளக்கைப் படத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தான்.

"சனத்தின்ர நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாய் வந்து நிக்கிற மனிசன்" என்று பாலேந்திராவே முடித்து வைத்தான்.

கிருஷ்ணமூர்த்தி எழுந்து ஜன்னலருகே போனார். "இங்கிலீஷ்காரங்க துக்க வீட்ல திரையை மூடிடுவாங்க. தெருவில நாலு பேர் தப்பா நினைக்கக் கூடாது பாருங்க" என்று சொல்லி, இரண்டு பக்கத் திரைச்சீலையையும் இழுத்து, நடுவில் இருந்த இடைவெளியையும் ஒரு ஊசியால் குத்தி மூடினார். பிறகு பத்மநாதனின் நாற்காலியைத் திருப்பி, நாதஸ்வரக்காரரைப் பார்த்தபடி போட்டார்.

பன்னிரண்டே காலுக்குப் பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை, தோள் எல்லாம் வெள்ளை.

"என்ன மாதிரிக் கொட்டுது தெரியுமே. இப்பிடி ஒரு ஸ்நோவை நான் கண்டதே இல்லை" என்று உதறிவிட்டுத்தான் விளக்கைப் பார்த்தார். "ஆர் செத்தது?"

"இவற்ற மாமா, மயில்வாகனம்" என்றாள் தவமலர்.

மரியநாயகியும் பத்மநாதனும் ஒரே ஊர். அவனுடைய பரம்பரையை அவனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "எனக்குத் தெரியாமல் உங்கட பகுதியில ஆர் தம்பி மயில்வாகனம்?"

கிருஷ்ணமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். தவமலர் அக்காவை வாசல் நடைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதுக்குள் சொன்னாள். "வெளியில சொல்லாதேங்கோ அக்கா. இவற்ற பேரனார் வேறை ஒரு இடத்திலயும் இருந்தவராம். அந்தப் பக்கத்து மாமா."

மரியநாயகியின் முகம் நகைப்பெட்டி திறந்த மாதிரிப் பிரகாசமானது. துக்கத்தோடு தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். அரை மணித்தியாலத்தில் பத்மநாதனின் தாத்தாவான அந்தப் பேரனாருக்கு, நாலு மைல் தள்ளியிருக்கும் வால்தம்ஸ்டோ வரைக்கும் சின்ன வீடு கட்டப்பட்டுவிட்டது. ஊரில் கோயில் மணியகாரராக இருந்து, ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் செத்த மனிதர் அவர்.

"பால் முடிஞ்சிருக்கும்" என்று யோகலிங்கம் எழுந்தான். "ஓடிப்போய் வாங்கியாறன்."

கடை தெருமுனையில்தான் இருக்கிறது. அவன் இருபது நிமிடம் கழித்துக் கன்னமெல்லாம் சிவந்து, ஒரு போத்தல் பாலோடு வந்தான். அவன் உட்கார்ந்ததும் பாலேந்திரா எழுந்தான். "ஒரு போத்தல் காணாது." பாலேந்திரா திரும்பியதும் மறுபடி யோகலிங்கம். செத்தவீட்டில் இவ்வளவு பொறுப்பாக ஓடியாடுகிற நண்பர்கள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்றரை மணிக்குள் அந்த வீட்டில் ஒன்பது போத்தல் பால் சேர்ந்துவிட்டது.

பத்மநாதனும் எழுந்து பார்த்தான். "சேர், நானே ஒருக்கா..."

"துக்கக்காரர் வெளிய போகக் கூடாது."

"மேலை போய்க் கொஞ்சம் படுக்கிறன்."

"தனியா விட முடியாது. பாலேந்திரா, கூடப் போங்க. அங்கயும் திரையை மூடிடுங்க."

கடைசியாகக் கழிப்பறைக்கு என்று போனான். அங்கே கூட வர யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்த ஜன்னலில் போட்டிருந்தது பூக்கண்ணாடி. வெள்ளையாக என்னவோ அசைந்தது. அது ஸ்நோவாகவும் இருக்கலாம், மரியநாயகி அக்கா காயப்போட்டு மறந்த படுக்கை விரிப்பாகவும் இருக்கலாம். ஜன்னலைத் திறக்கப் பார்த்தான். போன வருடம் தானே பூசிய பெயின்டில் அது இறுகிக் கிடந்தது.

திரும்பி வந்து நாதஸ்வரக்காரருக்கு எதிரில் உட்கார்ந்தான். தவமலர் தேநீர் நீட்டுகிற சாட்டில் குனிந்தாள்.

"இன்னும் விழுதோ?" என்று கேட்டான்.

"ஓம். வடை சுடேக்க குசினி ஜன்னலால பாத்தனான். பெரிய பெரிய துண்டாய் விழுது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"ஏன், சடசடவெண்டு சத்தம் கேக்கேல்லையோ?"

பத்மநாதனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை. முதுகுக்குப் பின்னால் நாலு அடி தூரத்தில், ஒரு துணிக்கு அந்தப் பக்கம், ஆறு வருடமாகக் காத்திருந்தது விழுந்துகொண்டிருக்க, ஊர் பேர் தெரியாத ஒருவரின் உப்பிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைக்க நினைக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கி அழுதான். தவமலர் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த யோகலிங்கம், அவளும் அழுகிறாள் என்று நினைத்துத் தானும் அழுதான்.

கிருஷ்ணமூர்த்தி தன் கைக்குட்டையை எடுத்துப் பத்மநாதனிடம் நீட்டினார். "அழுதுடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

நாலரை மணிக்கு அவர் எழுந்தார். எழும்போது ஜன்னலருகே போய், ஊசியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரைச்சீலையை விலக்கினார். பத்மநாதன் பாய்ந்து போனான்.

தெரு முழுவதும் வெள்ளை. கூரைகள் வெள்ளை, கார்கள் வெள்ளை, மரங்கள் வெள்ளை. காற்றில் மட்டும் ஒரு துகள் இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தவமலர் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் தடவையாக அவளுக்கும் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தக் கடிதத்தை இனி எடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தாள். குறைந்தது கோடை முடியும் வரைக்கும்.

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. யோகலிங்கமும் பாலேந்திராவும் பேசாமல் போய் வேனில் ஏறினார்கள். பத்மநாதன் கைக்குட்டையும் கையுமாக வாசலில் நின்றான். கிருஷ்ணமூர்த்தி மட்டும் வேன் கதவு வரைக்கும் போய்விட்டு, பனியைச் சரக் சரக்கென்று மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"நாளைக்கும் ஸ்னோ இருக்காம் பத்மநாதன்" என்றார் அதே துக்கமான குரலில். "உங்க மூணு பேர்ல நாளைக்கு யாரோட மாமா சாகப் போறார்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, எனக்கு ஷிப்ட் போட வசதியா இருக்கும்."