பேச்சியம்மாள் படத்திறப்பு

படத்திறப்பு என்றால், துணியை விலக்கியதும் கூடியிருப்பவர்கள் அழ வேண்டும். அதுதான் முறை. நான் வரைந்த படத்தின் துணியை விலக்கியபோது, அதுவரை அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒரு சாவு வீட்டின் அழுகையை ஒரே படத்தால் நிறுத்திய ஓவியர் தேனி மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை இத்தனை நாள் யாரிடமும் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கணினிப் படிப்பை முடித்து, சென்னையில் கிடைத்த வேலையை எட்டு மாதத்தில் உதறிவிட்டு, ஒரு டேப்லெட்டும் அதற்கான பேனாவுமாகப் போடிக்குத் திரும்பியிருந்தேன். ‘டிஜிட்டல் ஓவியர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்தேன். (அதை வாங்கிப் பார்த்த எங்கள் தெருக்காரர், “கம்ப்யூட்டர் ரிப்பேரும் பாப்பியாத்தா?” என்று கேட்டார். பார்த்தேன்.)

எங்கள் ஊரில் ஏலக்காய்க்கு அடுத்தபடியாக விளைவது கலைஞர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவோம். கவிஞர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் புத்தக அட்டையில் கூண்டை விட்டுப் பறக்கும் பறவை வேண்டும். குறும்படம் எடுப்பவர்கள் மூன்று அணி. எல்லா போஸ்டரிலும் கதாநாயகன் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். காலையில் பொங்கல் விழாவுக்கு மாரியம்மன், மதியம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மூன்று ஞானிகள், சாயந்திரம் அரங்கேற்றத்துக்கு ஆடல் மங்கை என்று வரைந்து தள்ளினேன். சில நாள் மூன்று ஞானிகளில் ஒருவருக்கு மாரியம்மனின் கண் அமைந்துவிடும். யாரும் கண்டுபிடித்ததில்லை. வேகம்தான் என் பெருமை. “நிவேதாட்ட குடுத்தா வெரசா முடிஞ்சிரும்” என்று ஊர் சொல்வதைக் கேட்டு, அதைத் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நம்பியிருந்தேன்.

பறவைகளைவிட அதிகம் வந்தவர்கள் இறந்தவர்கள். யாராவது தவறிவிட்டால், கல்யாண குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்கும் தலையைக் காட்டி, “இவுகதான், நல்லா பெருசா ஒரு படம் போட்டுக் குடு” என்பார்கள். தலை இருக்கும், உடம்பு முன் வரிசைக்காரரின் பின்னால் மறைந்திருக்கும். ஒவ்வொரு உடம்பையும் புதிதாக வரைய எனக்கு நேரமேது? ஒரு நாள் அம்மாவைப் பச்சைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி, மடியில் கையை வைத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். “எதுக்குடி?” என்றாள். “சும்மா, வெளிச்சம் பாக்குறேன்” என்றேன். பிறகு என்னைப் பெற்ற தாயின் தலையைக் கழுத்தோடு வெட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தை ‘அம்மா உடம்பு’ என்று பெயரிட்டுச் சேமித்தேன். அதன் பிறகு போடி வட்டாரத்தில் காலமான பெண்கள் எல்லோரும் பச்சைப் பட்டில்தான் காலமானார்கள்.

இந்த நிலையில்தான் செல்வி வந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். அவளுடைய அம்மா பேச்சியம்மாளும் அதே தோட்டத்தில் காய் எடுக்கிறவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது. செல்வி கைபேசியை நீட்டினாள். ஒரு ஜீப்பின் பின்பக்கம் பதினைந்து பெண்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, அடுத்தவளின் முழங்கை மறைத்த பாதி முகம், திறந்த வாய் — அதுதான் பேச்சியம்மாள். யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“வேற படம் இல்லையா?”

“ஆதார்ல இருக்குக்கா. அதப் பாத்தா எங்கம்மாவ போலீஸ் தேடுற மாதிரி இருக்கு.”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“எம்மகளுக்கு மூணு வயசுக்கா. நான் காட்டுக்குப் போயிருவேன், அம்மா லீவு போட்ட நாளெல்லாம் அம்மாகிட்டதான் கெடக்கும். ராத்திரி எந்திரிச்சுத் தேடுது. இன்னும் ஆறு மாசம் போனா தேடாது, மறந்துரும். அதுக்குள்ள படத்தக் காட்டிக் காட்டி ஞாபகத்துல வச்சுரணும். அழகா இருக்கணும்னு இல்ல, அம்மா மாதிரியே இருந்தாப் போதும்.”

‘அம்மா மாதிரியே இருந்தாப் போதும்.’ இவ்வளவு தெளிவாக எந்தக் கவிஞரும் என்னிடம் வேலை சொன்னதில்லை. அதை நான் கேட்டேன், தலையை ஆட்டினேன், மறந்தேன்.

ஒரு பறவைக்கும் ஒரு ஆடல் மங்கைக்கும் இடையில் கிடைத்த முக்கால் மணி நேரத்தில் பேச்சியம்மாளை முடித்தேன். துண்டை எடுத்தேன், அடியில் நெற்றி தெரியாததால் நல்ல நெற்றி ஒன்று கொடுத்தேன். தெரிந்த கண்ணைப் புரட்டிப் போட்டு மறைந்த கண்ணை உண்டாக்கினேன். வாயை மூடி, லேசாகப் புன்னகைக்க வைத்தேன். கன்னத்துச் சுருக்கத்தைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நிறமும் ஏறியது. வெயிலில் முப்பது வருஷம் நின்றவர் நிழலிலேயே பிறந்து வளர்ந்தவர் போலானார். கழுத்துக்குக் கீழே வழக்கம்போல ‘அம்மா உடம்பு’. மண்டபத்து மாடி வாட்ஸப் குழுவில் போட்டேன். கைதட்டல்கள் குவிந்தன. சுவர் விளம்பரம் எழுதும் அண்ணன் ஒருவர், “கண்ணுல உசுரு இருக்கு தங்கச்சி” என்று எழுதியிருந்தார். (அவர் பேச்சியம்மாளைப் பார்த்ததே இல்லை.) எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்தை நானே கொண்டுபோவதாகச் சொன்னேன். திறக்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கும் ஆசை. அம்மா, “மலைக்கு ஒத்தையில போற சோலியெல்லாம் வேணாம்” என்று கூடவே கிளம்பினாள். போர்வையில் சுற்றிய படம் எங்கள் இரண்டு பேர் மடியிலும் குறுக்காகக் கிடந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்மா அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “பாவம், யாரு பெத்த புள்ளயோ” என்று போர்வையின் மேலே தடவிக்கூடக் கொடுத்தாள்.

தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்தன. மலையில் அதை லயம் என்பார்கள். வாசலில் பெஞ்சு போட்டு, படத்தை நிறுத்தி, மேலே துணி போர்த்தினோம். பேச்சியம்மாளின் தம்பி, செல்வியின் தாய்மாமன், பின்னால் நின்றபடியே துணியை இழுத்தார். இழுத்த கையோடு மாலையையும் போட்டுவிட்டுச் சூடத்தைக் கொளுத்தினார். அவர் நின்ற இடத்திலிருந்து படம் தெரியாது. எதிரே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

முதலில் அழுகை நின்றது. பிறகு பின்வரிசையில் ஒரு குரல், அடக்கமாகத்தான்: “யாருடி இது?”

“மொதலாளி வீட்டம்மாவா?”

“அவுக எதுக்கு சாகுறாக? நேத்துக்கூட கார்ல போனாகளே.”

“பேச்சியம்மா... பேச்சியம்மாதான்” என்றேன். என் குரல் எனக்கே பொய்ச்சாட்சி மாதிரி கேட்டது.

தாய்மாமன் முன்னால் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எங்கக்காதானாத்தா?” என்று என்னிடமே விசாரித்தார். அவருடன் பிறந்தவரை அடையாளம் காட்ட வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

செல்வி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படத்தருகே போனாள். “பாப்பா, இது யாரு சொல்லு? நல்லாப் பாத்துச் சொல்லு.”

குழந்தை விரலை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தது. விரலை எடுக்காமலே, “டீச்சரு” என்றது.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாலையை ஒதுக்கி, கண்ணாடி மேல் விரலை வைத்தாள். “எங்கம்மா கை இப்பிடி இருக்காதுக்கா. காயி எடுத்து எடுத்து நுனியெல்லாம் கறுத்துக் கெடக்கும். இது யாரு கை?”

எல்லோரும் குனிந்து கையைப் பார்த்தார்கள். என் அம்மாவும் குனிந்தாள். அம்மா வீட்டில் தையல் தைப்பவள்; ஒருமுறை மெஷின் ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கி, நகம் இரண்டாகப் பிளந்தபடியே வளர்ந்துவிட்டது. முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மெழுகாக்குகிற நான், கையைத் தொட்டதே இல்லை. யார் கையைப் பார்க்கப்போகிறார்கள்?

அம்மா தன் இடது கையை மெதுவாகத் தூக்கிப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே நகம். அதே பிளவு.

“இது நானு” என்றாள்.

மாலை, பொட்டு, எரிகிற சூடம். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். “ஏண்டி, நானே எனக்கு முன்னாடி நின்னு கும்புட்டுக்கிட்டு இருக்கேனாடி?”

தாய்மாமன் பதறிப்போய் மாலையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார். உயிரோடு இருப்பவருக்குப் போட்ட சாவு மாலைக்கு அங்கே யாருக்கும் முறை தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டம்தான். ஆனால் கீழே போகும் ஜீப்பு மூன்று மணிக்கு. மணி பதினொன்று.

“எங்க பாக்குற?” என்றாள் அம்மா. “அந்த சிலேட்ட எடு. அந்தப் புள்ள என்ன கேட்டுச்சோ அத வரஞ்சு குடுத்துட்டு வா. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். செத்தவளா இருக்கவும் எனக்குத் தெரியும்.”

பையிலிருந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன். சுற்றிலும் பேச்சியம்மாளோடு ஜீப்பில் போனவர்கள். படம் வரைய எனக்கு அத்தனை ஆசிரியர்கள் வாய்த்தது அன்றுதான்.

“மூக்கு அவ்வளவு எடுப்பா இருக்காது.”

“நீ ஒனக்கு இருக்கிறத வச்சுப் பேசாத. அவளுக்கு எடுப்புதான்.”

“அந்தச் சட்டையப் போடு. சட்ட இல்லாம அவளப் பாத்ததே இல்ல. செத்துப்போன புருசன் சட்ட.”

நான் அதைத்தான் முதலில் அழித்திருந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. திரும்ப வரைந்தேன். துண்டைக் கட்டினேன். கறுத்த விரல் நுனிகளை, செல்வியின் கையைப் பார்த்து வரைந்தேன். ஆனாலும் வாய் மட்டும் வரவில்லை. சிரிக்க வைத்தேன், இல்லை என்றார்கள். மூடினேன், இல்லை என்றார்கள்.

“சும்மா இருக்கும்போது எப்படி இருப்பாங்க?” என்று கேட்டேன்.

தாய்மாமன்தான் சொன்னார், மாலையை இன்னும் கீழே வைக்காமல். “அவ எங்கத்தா சும்மா இருந்தா? எந்நேரமும் யாரையாச்சும் வஞ்சுக்கிட்டேதான் இருப்பா. என்னைய வையாம ஒரு வாய் சோறு போட்டதில்ல.”

கைபேசிப் படத்தை மறுபடி பார்த்தேன். அந்தத் திறந்த வாயை. முக்கால் மணி நேரத்தில் நான் மூடிய வாயை. அதை அப்படியே திறந்தேன். புருவத்தை நெரித்தேன். தொண்டை நரம்பை எழுப்பினேன். இரண்டரை மணிக்குத் திரையைத் திருப்பிச் செல்வியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி, தரையில் உட்கார்ந்திருந்த மகள் முன்னால் பிடித்தாள்.

குழந்தை பார்த்தது. சட்டென்று வாயிலிருந்து விரலை எடுத்துக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

செல்விக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பதினாறு நாளும் அவள் அழவே இல்லையாம், பிறகு சொன்னார்கள். அழுதவளைச் சுற்றி மற்றவர்களும் அழ, தாய்மாமன் மாலையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று மணி ஜீப்பில் கிளம்பினோம். பழைய படம் போர்வைக்குள் மறுபடி எங்கள் மடியில். பாதி மலை இறங்கிய பிறகு அம்மா கேட்டாள்:

“இதோட எத்தன பேருக்குடி?”

“பதினோரு பேரு.”

நாலைந்து வளைவு போனது.

“எல்லாரும் நல்லபடியா போய்ச் சேந்தாகளாமா?”

அன்றைக்கே புதுப் படத்தை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, அந்த ‘அம்மா உடம்பு’ ஃபைலை அழித்தேன். இப்போது இறந்தவர் படம் என்றால், அந்த வீட்டுக்குப் போய், அவரைத் தெரிந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். வெரசா முடிவதில்லை. மாடிக் குழுவில் அவ்வளவாகக் கைதட்டலும் விழுவதில்லை. சட்டையும் துண்டுமாக வாய் திறந்திருக்கும் படத்துக்கு என்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. அம்மா என்னைத் திட்ட ஆரம்பித்தால் — விளக்கை அணைக்காததற்கு, தட்டைக் கழுவாததற்கு, கல்யாணம் வேண்டாம் என்பதற்கு — அப்பா படித்துக்கொண்டிருக்கும் பேப்பரைத் தாழ்த்தி, “நிவி, வெளிச்சம் நல்லாருக்கு, எடுத்துக்கோ” என்பார். வந்திருக்கும் உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா அவரையும் சேர்த்துத் திட்டுவாள்.

நான் கைபேசியை எடுத்து, அவள் வாயை மூடுவதற்குள் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.