பாசநாடி யோகி

ஊரே பாசநாடி யோகியின் கூடத்தில்தான் கிடந்தது. ஒட்டிக்கொண்டே திரியும் மனைவியா, எட்டியே நிற்கும் புருஷனா, எல்லாவற்றுக்கும் தொப்புளுக்கு நான்கு விரல் மேலே ஒரு நாடி முறுக்கிக்கொண்டதுதான் காரணமாம். கண்ணை மூடினால் அவருக்கு அது தெரியுமாம். டாக்டர்களுக்குத்தான், பாவம், திறந்த கண்ணுக்கும் தெரியவில்லை.

வந்தவர்கள் தலையோடு வெள்ளைப் போர்வை போர்த்தி உட்கார வேண்டும். அதுதான் கருப்பையாம். அதற்குமுன் வாசலில் நான்கு பக்க விண்ணப்பம். மனக்குறை எல்லாம் எழுதித் தர வேண்டும். சிஷ்யை அதை யோகியின் காதில் மந்திரம்போல் ஓதுவாள். ஞானதிருஷ்டிக்கு விண்ணப்பம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தையல்காரரின் மனைவி கடைக்கு நாளைக்குப் பத்துத் தடவை போன் செய்வாள். "பற்றுதான் நோய். நாற்பது நாள் புருஷனோட பேசாதே" என்றார் யோகி. அவளும் பேசவில்லை. இன்று பற்றறுப்புச் சடங்கு. அது முடிந்தால் வீட்டை மறந்துவிட்டு இந்தக் கூடத்திலேயே தங்கிவிட வேண்டியதுதான். 

தையல்காரரும் வந்தார். பக்கத்தில் போர்வைக்குள் ஓர் உருவம். 'என் தங்கை. பேசமாட்டாள். யாரிடமும் ஒட்டமாட்டாள்' என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

யோகி அதன்முன் கண்மூடி நின்றார். "குழந்தையில இவள யாருமே தூக்கலையே."

"ஆமா சாமி, கடையிலேயே நின்னு வளர்ந்தவ."

"மூச்சைக் கவனிங்க. எவ்வளவு நேரமா அடக்கியிருக்கா. இதுதான் கும்பகம். என் சிஷ்யங்க ஒருத்தருக்கும் வரல."

போர்வைகளுக்குள் கூட்டமே பக்தியோடு மூச்சை அடக்கியது. இரண்டு பேர் இருமினார்கள்.

"ஆங், நாடி அவிழுது. அழறா. கண்ணீர்ல நெஞ்சு நனையுது."

தையல்காரர் போர்வையை உருவினார். ரவிக்கை மாட்டி வைக்கும் கடைப் பொம்மை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்குமிழ். அழுவதற்குக் கண்ணாவது வேண்டாமா?

யோகி அசரவில்லை. "சில ஆத்மாவுக்குத் தலை தேவையில்ல."

"இங்க வர்றவங்களைச் சொல்றீங்களா சாமி?"

மனைவி தன் போர்வையை விலக்கினாள். "அன்னிக்கு எனக்கும் நெஞ்சு நனையுதுன்னுதானே சொன்னீங்க? எனக்கு அழுகையே வரல. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு இத்தன நாளும் செத்துச் செத்துப் பொழச்சேன்."

யோகி உள்ளறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

அவள் புருஷனிடம் திரும்பினாள். "நீங்க போனை எடுக்கலேன்னா விட்டுட்டுப் போயிட்டீங்களோன்னு பயம் வந்துடுது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"மனநல டாக்டர்கிட்ட சேர்ந்தே போவோம். நானும் ஒரு தடவையாவது எடுத்திருக்கணும்" என்றார் அவர். 

மூச்சை அடக்கக் கற்றுத் தருகிறவரிடம் தாராளமாகப் போங்கள். கேள்வியையும் அடக்கச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது தலை இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.