கறுப்பு வெள்ளையில் என் முதல் கச்சேரி

நம் ஊரில் உயிரோடு இருப்பவன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கக் கூடாது. எத்தனையோ புத்தகங்கள் படித்திருந்தும், நாங்கள் குடியிருக்கும் சாரம் பகுதி முழுக்க என் முகத்தை நானே ஒட்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

அப்போது என்னிடம் ஒரு சின்தசைசரும் ஒரு சோகமும் இருந்தன. சின்தசைசர் பழையது, அந்தக் காலப் படங்களில் விண்கலம் தரையிறங்கும் சத்தத்தை இன்னும் தரும். சோகம் புதியது. கோயில் பாடகர் குழுவில் எனக்கு முன்வரிசையில் நிற்கும் ஸ்டெல்லாவுக்கு பிரான்சு விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம். வாயால் சொல்லத் துணியாததை மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, தாளம் முதல் குரல் வரை நானே போட்டு, ஒரு பாட்டாக்கினேன். போவதற்குள் அவள் அதைக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் கச்சேரி. (நேரில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்த வயதில் மண்டபம் பிடிப்பது அதைவிட எளிது.)

போஸ்டரும் என் கைவண்ணம். பழைய கேசட் அட்டையின் அழகு வேண்டுமென்று கறுப்பு வெள்ளைப் படம், தாழ்ந்த பார்வை. எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. ஆகவே பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு, மேடையேறும் ஆண்டு, நடுவில் ஒரு சிறு கோடு.

ஞாயிறு காலை ஊரைச் சுற்றி அறிவிக்க, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வைத்திருந்த அந்தோணி அண்ணனிடம் பாட்டைக் கொடுத்திருந்தேன். அவருக்கு முக்கால்வாசி வேலை மரண அறிவிப்பு. பின்னணியில் என் பாட்டு தேம்ப, பழகிய நாக்கு பழகிய வழியே போய்விட்டது: "சூசை அவர்களின் இளைய குமாரன் பெலிக்ஸ் அவர்களின் நிகழ்ச்சி இன்று மாலை ஆறு மணிக்கு நடைபெறும் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

எங்கள் தெருவை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். நான் ஹெட்போன் மாட்டி ஒத்திகையில் இருந்தேன். தண்ணீர் குடிக்கக் கீழே வந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பனியனோடு திறந்தேன். ஸ்டெல்லா! கையில் ரோஜா மாலை, அழுது வீங்கிய கண்கள்.

"வா, உள்ள வா," என்றேன்.

மாலை என் முகத்தில் வந்து விழுந்தது. "எரும! உயிரோடதான் இருக்கியா? சாரம் பூரா உனக்கு அழுவுதுடா!"

சமையலறையிலிருந்து வந்த அம்மா விவரம் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மாலையைப் பொறுக்கினாள். "நல்ல மாலைம்மா. மாதா படத்துக்குப் போட்டுடறேன்."

அந்தோணி அண்ணனைப் பிடித்துச் சண்டை போட்டேன். "நான் என்னா பண்றது தம்பி? 'மகிழ்ச்சியுடன்'னுதான் ஆரம்பிச்சேன். உன் பாட்டு உடல," என்றார்.

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. (துக்கத்துக்கு வந்தவர்கள் பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை என்று உட்கார்ந்தார்கள்.) பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. சிலர் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் அப்பாவின் கையை அழுத்திவிட்டுப் போனார். அப்பாவும் தலையசைத்தார், வேறென்ன செய்வார்?

வாசலில் ஸ்டெல்லாவை நிறுத்தினேன்.

"பாட்டு எப்படி இருந்துது?"

"காலையில ஆட்டோவுல கேட்டப்பவே அழுதேனே."

"பாட்டுக்கா, எனக்கா?"

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்: "நீ செத்துட்டேன்னு நெனச்சேன்டா. பிரிச்சிப் பாக்க நேரம் எங்க இருந்துது?"

அடுத்த வாரம் போய்விட்டாள். எல்லாத் தேதியையும் நினைவில் வைத்திருக்கும் எனக்கு அந்த ஒரு தேதி மட்டும் வேண்டியிருக்கவில்லை.

இன்றும் மாடியிலிருந்து மெல்லிய சுரம் கேட்டால் போதும், கீழேயிருந்து அக்கா கத்துவாள்: "எத்தன மணிக்குடா எடுக்கறாங்க?" அவள் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். புதுப் பாட்டு முடிந்ததும் ஸ்டெல்லாவுக்கு அனுப்புகிறேன். கேட்டுவிட்டு உடனே எழுதுவாள்: "உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்" என்று பதில் போடுகிறேன். பாட்டைப் பற்றி இதுவரை அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.