நூறு வீதம் ஒத்த புரதங்கள்

அதிகம் படித்தவர்களுக்குப் பேய்ப் பயம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டப்பகலில், வெள்ளவத்தை மாடிவீட்டில், மடிக்கணினியைத் துவாயால் மூடிவைத்தவள் நான்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. உறவுக்காரப் பக்டீரியாக்களிடம் உள்ள ஒரே வகைப் புரதத்தை எடுத்து, அதன் அமினோ அமில வரிசையையும் அது மடிந்து நிற்கும் வடிவத்தையும் ஒப்பிடுவது என் வேலை. ("கிருமிக்குச் சாதகம் பாக்கிறாள்" என்று அம்மா சொந்தக்காரரிடம் சொல்லியிருந்தார்.) மறுநாள் மூவர் குழுவின் முன் பேச வேண்டும். தேறினால் ஆராய்ச்சி தொடரும். தவறினால் அப்பா ஏற்கெனவே கதைத்து வைத்திருந்த வங்கி வேலை.

மதியம், கடைசி இரண்டு புரதங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். பக்டீரியாக்களின் பெயர்களைப் பார்த்தால் ஏதோ தூரத்து உறவு. அப்படியென்றால் எங்காவது கொஞ்சமாவது முரண்டு பிடிக்க வேண்டும். சிவப்பு மெல்ல நீலத்துக்குள் இறங்கி மறைந்தது. வரிசையைப் பார்த்தேன். நூறு வீதம், ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஒன்றில் ஒரு சிறு வளைவு தெளியாமல் விடுபட்டிருந்தது. மற்றதிலும் அதே வளைவு இல்லை. இருவருக்கு ஒரே இடத்தில் பல் விழுந்த மாதிரி. கடற்கரை ரயில் போனது, ஜன்னல் அதிர்ந்தது. திரையில் அந்த உருவம் தானாகச் சுழன்று, பல் இல்லாத பக்கத்தை என்னிடம் திருப்பியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துவாயை எடுத்தது அப்போதுதான்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு?" என்றார் அம்மா.

"ரெண்டும் ஒண்டாக் கிடக்கம்மா. அப்பிடி இருக்கவே ஏலாது."

"விபூதியைப் பூசிக்கொண்டு கொஞ்சம் படு."

பூசிக்கொண்டேன். (விஞ்ஞானி.)

படுத்தபடி யோசித்ததில் பயம் பேராசையாகிவிட்டது. உலகில் யாரும் காணாததைக் கண்டுவிட்டேன் அல்லவா? மறுநாள் குழுவின் முன், "இயற்கையின் மர்மம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, அந்த உருவத்தைச் சுழலவிட்டேன். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வியப்பில் என்று நினைத்தேன்.

குழுவில் தமிழர் ஒருவர்தான், ஒரு மேடம். மற்ற இருவருக்கும் விளங்காமல் இருக்கட்டும் என்று இரங்கி, தமிழில் கேட்டார்.

"உங்களை வீட்டில என்னெண்டு கூப்பிடுறவை?"

"பபி, மேடம்."

"பதிவில?"

"சிவதர்சினி."

"பபியும் சிவதர்சினியும் எவ்வளவு ஒத்துப்போவினம்?"

சுழன்றுகொண்டிருந்த உருவத்தை நிறுத்தினேன்.

"அந்தப் பக்டீரியாவுக்குப் பேரை மாத்திப்போட்டினம், பிள்ளை. தரவுத்தளத்தில ஒரு இடத்தில பழைய பேர் கிடக்கு, மற்ற இடத்தில புதுப் பேர். நீங்கள் ஒரே ஆளைத்தான் ரெண்டு தரம் வச்சுப் பாத்திருக்கிறீங்கள்."

வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது. மற்ற இருவரும் குனிந்து தோள் குலுங்கினார்கள். தமிழ் அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரச் சொன்னார்கள். (அந்தத் தடவை தேறினேன். அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை.)

நடந்ததை நானே வீட்டில் உளறித் தொலைத்தேன். என் கலியாண எழுத்தன்று பதிவாளர் "சிவதர்சினி" என்று வாசித்ததும், மாப்பிள்ளையின் காதோரம் தங்கச்சி குனிந்தாள்.

"அத்தான், ரெண்டு பேரைக் கட்டுறீங்கள். கவனம்."

அவர் சிரித்தார். ஆனால் பேனையை எடுக்குமுன் ஒருமுறை எனக்குப் பின்னால் பார்த்தார்.