எஸ்தரும் ஸ்மதரும்

அர்த்தம் தெரியாத ஆங்கில வார்த்தையை ஆபீசில் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெண் வீட்டில் சொல்லக் கூடாது. நான் சொன்னேன், அதுவும் மைக்கில்.

தொண்ணூறுகளின் கடைசியில், நெய்வேலியில் எனக்கு வேலை பர்மனென்ட் ஆனதும் எஸ்தரைப் பேசி முடித்தார்கள். நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்காரர்கள். அவர்களோ டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர்கள். அவளுடைய அப்பாவுக்கு, சுரங்கத்துக் கரிக் குவியலில் தீப்பிடித்தால் அணைக்கிற வேலை. பெரியப்பா இங்கிலீஷ் வாத்தியார். அந்தப் பெரியப்பாவை அசத்திவிட வேண்டும் என்பதுதான் என் லட்சியம். (எஸ்தரை அசத்துவது பற்றி யோசித்ததாக நினைவில்லை.)

பழைய பேப்பர் கடையில் எடுத்த ஆங்கில நாவல் ஒன்றில் கதாநாயகன் கதாநாயகியை முத்தங்களால் 'ஸ்மதர்' செய்திருந்தான். அன்பைக் கொட்டுவது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அகராதி அலமாரியில்தான் இருந்தது, அதை எதற்குத் தொந்தரவு செய்வானேன்? அதோடு எஸ்தர், ஸ்மதர் என்று காதுக்கும் நன்றாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று பாஸ்டர் ஜெபம் முடித்து, மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். எழுந்து மாமனாரை நேராகப் பார்த்தேன்.

"ஐ வில் ஸ்மதர் யுவர் டாட்டர் டில் ஹெர் லாஸ்ட் பிரெத்."

என் சொந்தங்கள் கை தட்டினார்கள். பெண் வீட்டார் பக்கம் ஒரு கையும் அசையவில்லை. மாமனார் தன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கரி தீப்பிடிச்சா மண்ணத் தள்ளி மூச்சு முட்ட அமுக்குவோமே, அதுக்கு எங்க ஆபீசருங்க சொல்ற வார்த்த இதானண்ணே?"

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதேதாம்ப்பா. மனுசங்கன்னா தலகாணிய மூஞ்சில வெச்சி அமுக்கறது."

தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா என்று என் அப்பா கண்ணாலேயே கேட்டார். நான் அன்பு, பாசம், லவ் என்று தெரிந்ததையெல்லாம் உளறிக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கத்து அத்தை ஒருத்தர், பையனைப் பற்றி நன்றாக விசாரித்தீர்களா என்று மாமியாரிடம் கேட்டது மைக்கிலேயே விழுந்தது.

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் சிரிப்பு என்று தெரிந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் சொன்னாள்:

"ஆளு நல்லவராத்தாம்ப்பா தெரியறாரு. நம்மூட்டுக்கு வந்தா தலகாணி மட்டும் குடுக்காதீங்க."

முதலில் சிரித்தவர் பாஸ்டர். மோதிரம் போடும்போதும் நான் மைக்கைக் கீழே வைக்காததைப் பார்த்து மாமனாரும் சிரித்துவிட்டார்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தும்விட்டார்கள். மாமனார் ரிட்டயராகித் திருவதிகையில் வீடு கட்டிக்கொண்டார். அங்கே தங்கினால் எல்லோருக்கும் தலையணை வரும். எனக்கு மட்டும் மாமியார் ஒரு போர்வையை நாலாக மடித்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல் கொடுப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்போது என் வீட்டிலும் போர்வைதான். தலையணையில் படுத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.