பொத்தானை விடாதவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. உங்களையும் என்னையும் போலவே சட்டை போட்டிருக்கும், முண்டியடித்து டவுன் பஸ் ஏறும், தேரோட்டத்துக்கு லீவு கேட்கும். அதன் கையில் ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், பொத்தானை விடாதவர்.

வாக்கி-டாக்கியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது டெலிபோன் அல்ல. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும் வரையில் மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். நாட்டில் எத்தனையோ பேர் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்த ஏற்பாடு இது.

1993-இல் ராஜபாளையத்தில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த நூல் மில்லில் நான்கு வாக்கி-டாக்கி வாங்கினார்கள். மில்லின் பெயர் வேண்டாம், நான் இன்னும் பென்ஷன் வாங்குகிறேன். ஒன்று மெயின் கேட்டில் தவசிமுத்து அண்ணாச்சியிடம் இருந்தது. ஒன்று பஞ்சுப் பேல்களை உடைத்துக் கலக்கும் மிக்சிங் ஹாலில் ஃபிட்டர் மாரிசாமியிடம். ஒன்று சும்மா என் மேஜைமேல். நான்காவது ஷிப்ட் சூப்பர்வைசர் காளிராஜ் அவர்களின் திருக்கரத்தில். அன்றிலிருந்து மற்ற மூன்றும் ரேடியோப் பெட்டிகளாகிவிட்டன.

தவசிமுத்து அண்ணாச்சி மம்சாபுரத்துக்காரர். விமானப்படையில் இருபது வருஷம் தரையில் உட்கார்ந்து பைலட்டுகளோடு வயர்லெஸ்ஸில் பேசிவிட்டு, இப்போது கேட்டில் செக்யூரிட்டி. வாக்கி-டாக்கிகள் வந்த அன்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். பாடம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"யாரைக் கூப்புடுதோம், நாம யாரு, எங்க இருக்கோம், என்ன வேணும். அம்புட்டுதான். சொல்லிட்டுப் பொத்தானை விட்டுரணும்."

"வணக்கம் சொல்ல வேண்டாமா?" என்றார் காளிராஜ், நிஜமாகவே மனம் புண்பட்டு.

"வேண்டாம் சார். பைலட்டுகள்லயும் ஒரு சிலபேரு இருந்தாவ. காலை வணக்கம்பான், தங்கள் மேலான கவனத்துக்கும்பான், தற்சமயம் நான் இன்ன உயரத்துல பறந்துக்கிட்டு இருக்கேங்கிறதத் தெரிவிச்சுக்கிடுதேம்பான். பறக்காம நடந்தா வருவான்? அவன் முடிக்கங்குள்ள பெட்ரோல் தீரப்போவுதுன்னு எறங்க வந்தவன் மேலயே சுத்திக்கிட்டுக் கெடப்பான். பேச வழியிருக்காது."

காளிராஜ் தலையாட்டினார். இந்த இனம் எப்போதும் தலையாட்டும். அந்தப் பாடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது இரண்டே சொற்கள்: 'ரோஜர்', 'ஓவர்'. புரிந்தது என்பதற்கு ரோஜர்; சொல்லி முடித்தேன், இனி நீ பேசு என்பதற்கு ஓவர். வீட்டில் அவர் சம்சாரம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்றால் ரோஜர். மாமனார் வந்து உட்கார்ந்தால் ரோஜர். ஆனால் மில்லில் ஓவர் சொன்ன பிறகும் பொத்தானை விடமாட்டார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வரும்.

ஒரு நாள் கேன்டீனில் வடை தீர்ந்ததா என்று அவர் விசாரித்ததை என் மேஜைமேலிருந்த பெட்டி இப்படி ஒலிபரப்பியது: "ஹலோ, ஹலோ, மெயின் கேட். வணக்கம். நான் ஷிப்ட் சூப்பர்வைசர் காளிராஜ் பேசுகிறேன். என் குரல் தெளிவாகக் கேட்கிறதா? எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதாவது நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், இப்போது நான் கார்டிங் மெஷின்கள் பக்கம் நின்றுகொண்டிருக்கிறேன், இன்று வெயில் சற்று அதிகம்தான், இருக்கட்டும், தாங்கள் சிரமம் பார்க்காமல் கேன்டீன் பக்கம் எட்டிப் பார்த்து, வடை இருக்கிறதா, இல்லையா, இருந்தால் எத்தனை இருக்கிறது என்கிற விவரத்தை எனக்குத் தெரிவிக்கவும். ஓவர். ஆமாம், சட்னியும்."

"இல்ல," என்றார் அண்ணாச்சி. பொத்தானை விட்டுவிட்டார்.

இது காளிராஜைப் புண்படுத்தியது. மரியாதை என்று ஒன்று வேண்டாமா? அடுத்த நாளே சுற்றறிக்கை வந்தது. பேசுகிற எவரும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பெயரும் பதவியும் சொல்ல வேண்டும், எதிர்முனையின் நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் விஷயம். அந்த வாரமே மாரிசாமி, "பேல் வரல சார்" என்று மொட்டையாகச் சொல்லி மாட்டிக்கொண்டான். எல்லார் முன்னிலையிலும், அதாவது நான்கு பெட்டியிலும், அவனுக்குப் பத்து நிமிஷம் வசவு. பாவம், அவனுக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம். கோயமுத்தூரிலிருந்து முதலாளிக்கு வேண்டிய விருந்தாளி ஒருவர் மில் பார்க்க வருகிறார். அவருடைய காருக்குப் பெரிய கேட்டைத் திறக்கவேண்டும் என்பதைக் காளிராஜ் மெயின் கேட்டுக்குச் சொல்லத் தொடங்கினார். விருந்தாளியின் குடும்பப் பெருமையிலிருந்து தொடங்கினார்.

அதே நேரம் மிக்சிங் ஹாலில் பேலைக் கட்டியிருந்த இரும்புப் பட்டையை வெட்டும்போது ஒரு பொறி தெறித்துப் பஞ்சில் விழுந்தது. உதிர்ந்த பஞ்சில் தீ எப்படி ஓடும் என்று மில்லில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், அது எரியாது, ஓடும். பத்தடி தள்ளி நூற்றுக்கணக்கான பேல்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. மறுபக்கம் பெண்கள் நாலைந்து பேர் வேலையில் இருந்தார்கள். தண்ணீர் பம்பின் சுவிட்ச் மெயின் கேட்டில், தவசிமுத்து அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மாரிசாமி பொத்தானை அமுக்கினான். போகவில்லை. காளிராஜ் பேசிக்கொண்டிருந்தார். மறுபடி அமுக்கினான். விருந்தாளியின் கார் என்ன நிறம் என்பது வரைக்கும் வந்திருந்தது. முத்துப்பேச்சி என்கிற பெண், அங்கே பேல் பிரிக்கிறவள், எரிகிற பஞ்சை இரண்டு கையாலும் வாரி வாரி அடுக்கிலிருந்து விலக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னலே நிக்கே, சொல்லுலே!"

"சார் பேசுதாரு அக்கா. முடிக்கட்டும்."

முடித்தார். ஓவரும் சொன்னார். அதிசயமாகப் பொத்தானையும் விட்டார். மாரிசாமி அமுக்கினான். இனி நடந்ததை என் காதால் கேட்டேன். கேட்காமலிருந்தால் நானே நம்பமாட்டேன்.

"சார், வணக்கம் சார். மிக்சிங் ஃபிட்டர் மாரிசாமி பேசுதேன் சார். நல்லா இருக்கீகளா சார்? சாப்ட்டாச்சா சார்?" மூச்சு வாங்கியது. சாரைப் பதில் சொல்லவிடாவிட்டால் அதுவும் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயந்துபோய்ப் பொத்தானை விட்டான்.

காளிராஜின் குரல் குளிர்ந்து வந்தது. "வணக்கம் மாரிசாமி. நலம். இன்னும் சாப்பிடவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாரும் கவனிக்கவும், இப்படித்தான் பேச வேண்டும். இதைத்தான் நான் சுற்றறிக்கையில்..."

சுற்றறிக்கையை முழுவதும் ஒரு தடவை சொன்னார். தீ காத்திருக்கவில்லை.

அவர் பொத்தானை விட்டு மூச்சு வாங்கிய ஒரு நொடியில் பெட்டியில் வேறொரு குரல் வந்தது. முத்துப்பேச்சி மாரிசாமி கையிலிருந்து கருவியைப் பிடுங்கியிருந்தாள். எந்தப் பொத்தான் என்று அவன் கட்டைவிரலைப் பார்த்தே தெரிந்துகொண்டாளாம்.

"பஞ்சு எரியுது. தண்ணி விடு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பம்ப் ஓடும் சத்தம் என் மேஜைவரைக்கும் கேட்டது. அடுக்கில் பாதி போயிற்று, மீதி பிழைத்தது. ஆட்கள் எல்லாரும் பிழைத்தார்கள். "இருவது வருஷத்துல இப்படி ஒரு வயர்லெஸ் நான் கேட்டதில்ல," என்றார் தவசிமுத்து அண்ணாச்சி. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முத்துப்பேச்சிக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. ஊரிலேயே நெய்த பேண்டேஜ் துணியால் மணிக்கட்டுக்கு மேல்வரைக்கும் சுற்றியிருந்தார்கள்.

விசாரணையில் காளிராஜ் ஏழு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் ஐந்தாம் பக்கத்தில்தான் தீப்பிடித்தது. ஆனால் அவர் கெட்டவர் அல்ல. இந்த இனத்தில் கெட்டவர்கள் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவளுடைய தைரியத்தைப் பற்றி அரை மணி நேரம் மனமுருகிப் பேசினார். முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்ப்பதும், பக்கத்து ஸ்டூலைப் பார்ப்பதுமாக இருந்தாள். இரண்டு தடவை "சார்" என்று வாயெடுத்தாள். அவர் கையமர்த்தி, "இரும்மா, முடிச்சிடுறேன்" என்றார். முடித்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "அந்தத் தண்ணியக் கொஞ்சம் வாயில ஊத்துதீகளா? அப்பமே புடிச்சுக் கேக்கணும்னு இருக்கேன்."

ஸ்டூலில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்த அரை மணியும் நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் காளிராஜுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் கையில்தான் வாக்கி-டாக்கி இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஹாஸ்டலில் இருக்கிற உங்கள் மகள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டீர்கள், நன்றாகத்தான் இருப்பாய் என்று நீங்களே சொன்னீர்கள், அங்கே மழையா, இங்கே மழை இல்லை, சாப்பாட்டில் கவனமாக இரு, சித்தப்பா வந்திருந்தார், படிப்பு முக்கியம் என்றெல்லாம் சொல்லி, சரி வைக்கட்டுமா, பூத்தில் பில் ஏறிக்கொண்டே இருக்கும் என்று அக்கறையோடு வைத்தீர்கள்.

நடுவில் அவள் இரண்டு தடவை "அப்பா" என்றாள்.

என்ன சொல்ல வந்தாள்?