ஓட்டாமல் வைத்திருக்கும் பக்குவம்

மனித நாகரிகம் மூன்று படிகளில் வளர்ந்தது. முதலில் மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். பிறகு எஞ்சினைக் கண்டுபிடித்தான். கடைசியாக, இரண்டையும் சொந்தமாக வாங்கி, ஓட்டாமல் வைத்திருக்கும் பக்குவத்தை அடைந்தான். இந்த மூன்றாம் படியை உலகத்தில் எல்லோரும் எட்டிவிடவில்லை. அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றோரம் இருக்கும் எங்கள் பெல்ஃபோர்ட் ஊரில் பதினான்கு பேர் எட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் கூடி, 'பை' என்கிற பழப் பலகாரம் சாப்பிட்டு, காபி குடித்துக் கலைகிறோம்.

எங்கள் அமைப்பின் பெயர் 'பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள் பாதுகாப்புக் கழகம்'. உறுப்பினர்களிடம் மொத்தம் முப்பத்தொரு மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. கூட்டத்துக்கு எல்லோரும் காரில் வருகிறோம்.

என் பெயர் ஹார்லன் டீட்ஸ். விவசாயிகளுக்கு ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்கிறவன். என்னிடம் 1947-ஆம் வருடத்து 'பிரெய்ரி கிங்' மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். பொதுநலம் கருதி அந்த வழிமுறையை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் ஒரு கொட்டகை வேண்டும். கொட்டகைக்குச் சொந்தக்காரராக ஒரு விதவை வேண்டும். எனக்கு வாய்த்தவர் வெர்னா க்ளோக். இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். 1979-இல் பெரிய பனி விழுந்த காலையில் நான் பூட்ஸைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தபோது, என் வீட்டு வாசலில் ஏழு நிமிடம் பேருந்தை நிறுத்தி ஹாரன் அடித்துக் காத்திருந்தார். அப்படியும் நான் வராததால் இறங்கி வந்து, காலில் சாக்ஸோடு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் கணவர் ஆர்வில் அந்த வண்டியைக் கல்யாணமான வருடமே வாங்கினார். வெர்னாவைப் பின்னால் உட்கார வைத்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் மீன் கடையில் கெளுத்தி வறுவல் வாங்கிக் கொடுப்பதாகத் திட்டம். அடுத்த கோடையில் போகலாம் என்றார். வசந்தம் வந்தால் எண்ணெய் மாற்றுவார், ஒரு தடவை உதைத்துக் கிளப்புவார், சத்தத்தைக் கேட்பார், அணைத்துவிடுவார். நாற்பத்தொன்பது கோடை இப்படிப் போயிற்று. ஐம்பதாவது கோடையில் ஆர்வில் போய்விட்டார்.

நான் பார்க்கப் போன அன்று வண்டி நாலாவது உதையிலேயே கிளம்பியது. வெர்னா இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"சிகாகோவுலேருந்து ஒருத்தன் வந்தான். பதினெட்டாயிரம் டாலர் தர்றேன்னான். வாங்கி என்னப்பா பண்ணுவேன்னு கேட்டேன். வரவேற்பறையில நிறுத்தி வைப்பானாம். போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்."

"நான் ஓட்டுவேன், வெர்னா."

"வாங்க வர்றவன் எல்லாம் அப்படித்தான் சொல்றான்."

"உங்கள உக்கார வச்சு ஓட்டுவேன். ஜூலை நாலுக்குள்ள. பாலத்தத் தாண்டி, அந்தக் கெளுத்திக் கடை வரைக்கும்."



"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நாலாயிரம் குடு. எடுத்துட்டுப் போ."

மறுநாளே டவுனுக்குப் போய்ச் சிவப்பு நிறத்தில் ஒரு ஹெல்மெட் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னதை அப்போது நான் மனதாரத்தான் சொன்னேன். எனக்கு இன்னும் 'வழிகாட்டுதல்' கிடைத்திருக்கவில்லை.

வழிகாட்டுதல் வியாழக்கிழமை கிடைத்தது. எங்கள் கழகத் தலைவர் எல்டன் ப்ரூக், இறுதிச் சடங்கு நிலையம் நடத்தி ஓய்வுபெற்றவர். எதையும் அசையாமல் பார்த்துக்கொள்வதில் நாற்பது வருட அனுபவம். என் கராஜுக்கு வந்து, பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டியை மூன்று சுற்று சுற்றினார்.

"கிளம்புதா?"

"நாலாவது உதையில."

அவர் முகம் வாடிவிட்டது. "கிளம்புன சத்தத்த யாராவது கேட்டாங்களா?"

"வெர்னா மட்டும்."

"சரி, போகட்டும். அவங்க வெளிய சொல்ல மாட்டாங்க." கையுறையைக் கழற்றினார். "ஹார்லன், உன் கையில இருக்கிறது என்னன்னு உனக்குத் தெரியுதா? இதுல ஒரு போல்ட்டக்கூட ஒருத்தன் மாத்தல. தூசியக்கூடத் தொடைக்கல. சீட்டுல இருக்கிறது என்ன?"

"கோழி எச்சம். இப்ப கழுவிடுறேன்."

"தொடாத!" என்று எல்டன் கத்தினார். மேலே சமையலறையில் என் மனைவி மார்லிஸ் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது.

எச்சம் பற்றிய விவாதம் அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த பை பரிமாறப்பட்டது.

"எச்சம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது?" என்று தலைவர் கேட்டார்.

"வெர்னா கோழிகளை எழுபத்தெட்டுலயே வித்துட்டாங்களாம்," என்றேன்.

"அதுக்கப்புறம் வெளிக்கோழி எதுவும் உள்ள வந்திருக்க வாய்ப்பு?"

"இல்ல. கொட்டகைக் கதவு சிக்கிக்கும். ஆர்விலே தோளால இடிச்சுத்தான் திறப்பாரு."

"அப்படின்னா எழுபத்தெட்டுக்கு முந்தின எச்சம். காலத்துக்குப் பொருத்தம்."

பதினான்கு பேரும் கை தட்டினோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதே கூட்டத்தில் கர்ட் நோவாக் என்கிற குழாய் ரிப்பேர்க்காரரின் உறுப்பினர் விண்ணப்பம் மூன்றாவது முறையாக நிராகரிக்கப்பட்டது. அவர் வண்டியின் எஞ்சின் ஒரு கம்பெனி, பெட்ரோல் டேங்க் இன்னொரு கம்பெனி, விளக்கு டிராக்டருடையது, புகைக்குழாய் அவரே தொழிலில் மிச்சமானதை வளைத்துப் பொருத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில்தான் அவர் தினமும் வேலைக்குப் போய்வருகிறார். இத்தகைய போக்கை ஊக்குவிக்க முடியாது என்று குறிப்பேட்டில் எழுதினோம்.

ஜூலை நாலாம் தேதி காலை வெர்னா போன் செய்தார்.

"நான் தயாரா இருக்கேன்."

"இன்னிக்கு காத்து ஜாஸ்தியா இருக்கு, வெர்னா."

"எனக்குக் காத்து பிடிக்கும்."

"உங்களுக்குப் பிடிக்கும். தூசிக்கு ஆகாது."

அடுத்த வாரம் வெயில். பெயிண்ட் வெளுத்துவிடும். அதற்கடுத்த வாரம் மழை. செப்டம்பரில் சீட்டுக்கு அடியில் எலிக் கூடு ஒன்று இருப்பதை எல்டன் கண்டுபிடித்தார். அதுவும் ஒரிஜினல். ஓட்டினால் குலுங்கிக் கலைந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெர்னா, "சரி, அப்ப அடுத்த வாரம்," என்று போனை வைத்தார். இவ்வளவு பொறுமையான விற்பனையாளர் கிடைப்பது அரிது.

இரண்டாவது வருடம் மே மாதத்தில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. மார்லிஸ் துணி காயப்போட கராஜ் வழியாகப் போனவள், ஈரத்துணியால் வண்டியின் இடது கைப்பிடியைத் துடைத்துவிட்டாள்.

"அழுக்கா இருந்துச்சு," என்றாள்.

"அது அழுக்கு இல்ல, மார்லிஸ்! அது கண்காட்சிப் போட்டியில அறுபது மார்க்!"

எல்டன் பத்து நிமிடத்தில் வந்தார். துடைத்த இடத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். பிறகு வழியும் சொன்னார். இழந்த தூசியை ஈடுகட்டலாம், ஆனால் அதே கொட்டகைத் தூசியாக இருக்க வேண்டும், அதே சுவரிலிருந்து எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்று மதியமே காரை எடுத்துக்கொண்டு போனேன். நான் பாதையில் திரும்புவதை வெர்னா ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். வாசலுக்கு வந்தபோது தலையில் சிவப்பு ஹெல்மெட் இருந்தது. தாடைப் பட்டியைக்கூட மாட்டியிருந்தார்.

"வண்டி எங்க?"

"வீட்டுல இருக்கு."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

"கொஞ்சம் தூசி வேணும்."

"என்ன வேணும்?"

"தூசி. உங்க கொட்டகையில இருக்கிறது. ஒரு ஜாடி போதும்."

"ஏன், உன் வீட்டுல தூசிக்குப் பஞ்சமா?"

"இருக்கு. ஆனா அது இப்பத்தித் தூசி."

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என்னைப் பார்த்தார். "ஹார்லன், வண்டிக்கு ஏதாவது கோளாறா? உண்மையச் சொல்லு."

"ஒரு கோளாறும் இல்ல. உதைச்சா கிளம்பிடும். அதனாலதான் இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கோம்."

அவர் உள்ளே போய் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தார். கொட்டகைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். உத்தரத்தை ஒரு பிரஷ்ஷால் அவரே தட்ட, நான் கீழே ஜாடியைப் பிடித்தேன். ஹெல்மெட் மேலெல்லாம் சாம்பல் நிறமாகப் படிந்தது. மூடியைத் திருகிக் கொடுக்கும்போது சொன்னார்:

"ஆர்வில் ஆயிரம் சாக்கு சொன்னாரு. ஆனா என்கிட்ட வந்து தூசி கேட்டதில்ல."

எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. காரில் ஏறி, ஜாடி கவிழாமல் அதற்கு சீட் பெல்ட் போட்டதும் சரியாகிவிட்டது.

இத்தனை தியாகத்துக்கும் பலன் மூன்றாவது வருடம் ஆகஸ்டில், எங்கள் மாவட்டக் கண்காட்சியில் கிடைத்தது. மைதானத்தில் கயிறு கட்டி, உள்ளே முப்பத்தொரு வண்டிகளையும் டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினோம். வெளிமாநிலத்திலிருந்து வந்த நடுவர்கள் என் வண்டி முன் இருபது நிமிடம் நின்றார்கள். ஒருவர் எச்சத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூன்று மணிக்கு 'மாசுபடாத மூல வண்டி' பிரிவில் முதல் பரிசு என்று ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. மார்லிஸ் எலுமிச்சைச் சாறு வாங்கப் போயிருந்ததால் அதைக் கேட்கும் பாக்கியம் அவளுக்குக் கிட்டவில்லை.

கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது கயிற்றின் மறுபக்கம் வெர்னா நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது. வண்டியின் கைப்பிடியில் தொங்கிய மதிப்பெண் தாளை எட்டி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'கோழி எச்சம், காலத்துக்குப் பொருத்தமானது. பத்துக்குப் பத்து.' 'தூசி, இயற்கையாகப் படிந்தது. அறுபதுக்கு அறுபது.'" தாளுக்கு மேலே என்னைப் பார்த்தார். "இயற்கையாவாம்."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'சமீப காலத்தில் யாரும் ஏறி ஓட்டியதற்கான அடையாளம் எதுவுமில்லை. நூற்றுக்கு நூறு. உரிமையாளருக்குத் தனிப் பாராட்டு.'" தாளை அழகாக மடித்து இருந்த இடத்திலேயே செருகினார். "ஆர்வில் பாவம். நாப்பத்தொன்பது வருஷம் இதே வேலையத்தான் பார்த்தாரு. ஒருத்தரும் ஒரு கப் குடுக்கல."

"அவரோட பங்களிப்பை நன்றியோட பதிவு பண்றோம், மேடம்," என்றார் எல்டன்.

அந்த நேரத்தில் கயிற்றுக்கு வெளியே, வாகன நிறுத்துமிடத்தில், கர்ட் நோவாக் தன் கலப்பட வண்டியைக் கிளப்பினார். வெர்னா திரும்பிப் பார்த்தார்.

"ஏம்பா, அது ஓடுமா?"

"ஓடும்மா. நிறுத்துறதுக்குத்தான் கொஞ்சம் முன்னாடியே யோசிக்கணும்."

"அந்தப் பக்கம் கெளுத்திக் கடை வரைக்கும்?"

"இருபது நிமிஷம். ஏறுங்க. நானும் இன்னும் சாப்பிடல."

அவ்வளவுதான் பேச்சு. வெர்னா ஹெல்மெட்டை மாட்டி, பட்டியை இறுக்கி, கர்ட் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் போறேன், ஹார்லன். இந்தத் தடவ உனக்காக ஹாரன் அடிச்சிட்டு நிக்க மாட்டேன்."

வண்டி சரளைக் கல்லை வாரி இறைத்துக்கொண்டு கிளம்பியது. பெரிய புழுதி எழும்பி எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. "புதுத் தூசி! புதுத் தூசி! மூடுங்க!" என்று அலறியபடி எல்டன் ஓடினார். பதின்மூன்று பேரும் ஆளுக்கொரு போர்வையோடு வண்டிகள் மேல் விழுந்தார்கள். நான் மட்டும் விழவில்லை. கண்காட்சி மைதானத்திலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி போய்க்கொண்டிருந்தது. யாரோ கூவுவதும் கேட்டது. வெர்னாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது பன்னிரண்டு வருடம் அவர் பேருந்தில் போன எனக்குத் தெரியாது.

கோப்பை இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. வண்டியும் அங்கேதான் நிற்கிறது. கராஜில் ஈரம் அதிகம் என்று எல்டன் சொல்லிவிட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது?

அதில் ரகசியம் ஒன்றுமில்லை. நாலாயிரத்தைக் கொடுத்தேன்; விலையை நான் கொடுக்கவே இல்லை.